சாரலோடு வந்த இன்ஸ்பெக்டர்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருஷம் தவறாமல் ஆடி மாதம்தான் வருவார். மேலகரத்திலிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம். அருவியில் தண்ணீர் விழும்போது வந்தால் சோதனையும் ஆயிற்று, குளியலும் ஆயிற்று. கஷ்டம் எங்களுக்குத்தான். பள்ளிக்கூடம் திறந்து சாரல் பிடிப்பதற்குள் வருஷத்துப் பாடமெல்லாம் படித்துவிட்டதுபோல் நிற்க வேண்டும். "அவருக்கு அருவிதாம்லே காலண்டரு" என்று வாத்தியார் தலையில் கை வைத்துக்கொள்வார்.

அதனால் நாலாம் வகுப்புக்கு வாத்தியார் ஒரு வழி செய்தார். தமிழில் ஒரு பாட்டு, ஜில்லா பூகோளத்தில் ஆறுகள், கணக்கில் நெல் அளக்கிற மரக்கால் கணக்கு, சுகாதாரத்தில் ஈயும் வாந்திபேதியும். அவ்வளவுதான். காலையிலிருந்து மணி அடிக்கிறவரை அதையே திருப்பித் திருப்பிப் படித்தோம். மற்றப் பக்கங்களில் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்க்கக்கூட அவர் விடவில்லை.

மற்றப் பிள்ளைகளுக்கு இன்ஸ்பெக்டர் ஒருநாள் பயம். எனக்கு அப்படியில்லை. பெண்பிள்ளைக்கு மூன்று வகுப்பே அதிகம் என்பது அப்பாவின் கட்சி. அம்மா கெஞ்சிக் கூத்தாடித்தான் நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். "ஏட்டி, ஆபீசர் முன்னால திருதிருன்னு முழிச்சியானா, மறுநாளே சிலேட்ட வச்சுட்டுத் தம்பியத் தூக்கிக்கோ" என்று அப்பா சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனிதர். தம்பியும் நல்ல கனம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டி வகுப்பு நடுவில் ஒரு சிறு குளம் கட்டியது. வாத்தியார் எங்களைக் கேள்வி கேட்கத் தொண்டையைக் கனைத்தார். இன்ஸ்பெக்டரோ அவரைக் கையமர்த்திவிட்டு, எங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார். புஸ்தகத்தின் முதுகை உள்ளங்கையில் நிறுத்தி, அட்டையை விட்டுவிடுவார். அது தானாக எந்தப் பக்கத்தில் விரிகிறதோ, அதிலிருந்து கேள்வி. வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை.

கோயிலில் ஏட்டுக்குள் கயிறு போட்டுப் பார்த்து, வந்த பாட்டைச் சாமியின் உத்தரவாக எடுத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

முதலில் மாட்டியவன் முன்வரிசைப் பையன். அவன் புஸ்தகம் நாங்கள் படிக்காத ஏதோ பாட்டில் விரிந்தது. அவன் ஓட்டைப் பார்த்தான், உத்தரத்தைப் பார்த்தான்.

"இது யார் புஸ்தகம்?"

"எங்க அண்ணனுது, சார். போன வருசம் அவன் படிச்சான்."

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே புஸ்தகத்தை மூடி, "சரி, உனக்குத் தெரிந்ததைச் சொல்" என்றார்.

அடுத்தது நான். கண்ணை இறுக மூடிக்கொண்டு குற்றாலநாதரைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்தால், பூகோளம் ஆறுகளில் விரிந்து கிடந்தது!

"சிற்றாறு எங்கே உற்பத்தியாகிறது?"

"எங்க குத்தாலத்து மலையில, சார். தென்காசி வழியா ஓடி, சீவலப்பேரிகிட்ட தாமிரவருணியில சேருது."

கணக்குப் புஸ்தகத்தை விட்டார், மரக்கால் வந்தது. சுகாதாரத்தை விட்டார், ஈ வந்தது. நான் போட்ட சத்தத்தில் சாரல் சத்தமே கேட்கவில்லை. "பேஷ்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "இவ படிச்ச பக்கமாவே வந்துச்சாம். குத்தாலநாதரு விரிச்சுக் குடுத்திருக்காரு, பாத்துக்கிடுங்க." ஆபீசர் சொல்லியிருந்தால் அப்பா ஒருவேளை மறுத்துப் பேசியிருப்பார். சாமியிடம் என்ன பேச முடியும்? "அவரே சொல்லிட்டா நான் ஆரு? படிக்கட்டும்" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

அப்படிப் படித்துத்தான் பின்னால் நானும் ஒரு வாத்தியாரம்மா ஆனேன். ஒருநாள் ஒரு பிள்ளையின் பாடப் புஸ்தகத்தை அதேபோல் உள்ளங்கையில் நிறுத்தி விளையாட்டாக விட்டேன். விரல் அழுக்கேறிய ஒரு பக்கத்தில் அது விரிந்தது. மூடிவிட்டு மறுபடி விட்டேன். மறுபடி அதே பக்கம். எத்தனை தடவை விட்டாலும், அதிகம் புரட்டின பக்கத்தில்தான் புஸ்தகம் விரியும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதர் எங்களுக்குத் தெரிந்ததை மட்டும் தேடித்தேடிக் கேட்டிருக்கிறார். எங்கள் வாத்தியாருக்கும் மானம் போகாமல் பார்த்திருக்கிறார். நான் சாப்பிடுகிற சோறு அவர் போட்டது.

இதெல்லாம் தெரியாத அந்த வயதில், மறுநாளே அம்மா என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள், தேங்காய் உடைக்க. கோயில் வாசலுக்கு எதிரே, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, துண்டைக் கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார். "என்ன சிற்றாறு, சௌக்கியமா?" என்று சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கியது; அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். "அங்கன என்னட்டி ஒளியுத? சாமி இங்கன இருக்கு, நல்லாக் கும்பிடு" என்று அம்மா என்னைக் கோயில் பக்கம் திருப்பிவிட்டாள். நானும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மனமுருகக் கும்பிட்டேன்.