மாமரத்தில் ஏழு வெட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்புக் கேசட் இருக்கிறது. அதன் உடம்பில் ஐந்து திருகாணிகள் இருக்க வேண்டும், நான்குதான் இருக்கின்றன. ஐந்தாவதை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றால் என் மனைவி சிரிக்கிறாள். நாடா தளர்ந்துபோனதால், ஒவ்வொரு முறையும் பென்சிலை நுழைத்துப் பதினொரு சுற்று சுற்றிவிட்டுத்தான் டேப் பெட்டியில் போட வேண்டும். எட்டாவது சுற்றிலேயே அறுந்துவிடுமோ என்ற பயம் எனக்கு வந்துவிடும். இதுவரை அறுந்ததில்லை. முதுகுச் சீட்டில் என் மச்சினனின் சாய்ந்த கையெழுத்தில் ‘பச்சை விறகு’ என்று எழுதியிருக்கிறது. பாட்டு ஒன்றுதான். நீளம் பதினான்கு நிமிடம்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தான். சிரிக்காமல் இரண்டு வாக்கியம் பேசத் தெரியாதவன். பாறசாலையில் பஸ் ஏறினால் நெய்யாற்றின்கரையில் இறங்குவதற்குள் கண்டக்டர் உட்பட ஆறு பேரைச் சிரிக்க வைத்திருப்பான். அப்படிப்பட்டவன் தொண்ணூறுகளின் நடுவில், உலகத்திலேயே துக்கமான ஒரு சங்கீதத்தைப் பிடித்துக்கொண்டான். கப்பலில் வேலை பார்த்த அவன் கூட்டாளி ஒருவன் வடக்கே ஏதோ பனி நாட்டுத் துறைமுகத்திலிருந்து இரண்டு கேசட்டுகள் கொண்டுவந்து கொடுத்தான். அங்கே அதற்கு ஃபியூனரல் டூம் என்று பெயராம். சாவு ஊர்வலத்தின் நடை. கிதாரின் கம்பிகளைத் தொய்யும் அளவுக்குத் தாழ்த்தி, ஒரு முறை மீட்டிவிட்டு, அந்த ஓசை செத்து அடங்கும்வரை காத்திருந்து, பிறகு அடுத்ததை மீட்டுவார்கள். பாடுகிறவன் அடிவயிற்றிலிருந்து உறுமுவான். கடையில் விற்கிற சரக்கு அல்ல. ஒருவர் வீட்டில் படியெடுத்து இன்னொருவருக்குத் தபாலில் அனுப்பி, அப்படியே உலகம் முழுதும் சில நூறு பேருக்குள் சுற்றுகிற சங்கீதம். உறையிலிருந்த விலாசத்துக்கு மச்சினன் கடிதம் போட்டான். உன் பாட்டை அனுப்பு, நன்றாக இருந்தால் எங்கள் அடுத்த தொகுப்பில் சேர்க்கிறேன் என்று பதில் வந்தது. அன்று அவன் வீட்டுக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வந்தான். பதினாறு.

அவன் செய்ய நினைத்த பாட்டு எங்கள் ஊருக்கே உரியது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டு மாமரத்தை வெட்டித்தான் சிதை அடுக்குவார்கள். அன்றைக்கு வெட்டிய மரம் என்பதால் ஈரம் காய்ந்திருக்காது. ஒரேயடியாகப் பற்றாது, புகைந்து, தயங்கி, நின்று நின்று எரியும். அந்த வேகத்தில் ஒரு பாட்டு வேண்டும் என்றான் மச்சினன். கிதார், குரல், கொட்டு எல்லாம் அவன் ஒருவனே. வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட தேங்காய்ப்புரையில் இரண்டு கேசட் பெட்டிகளை வைத்து, ஒன்றில் பதிந்ததை ஓடவிட்டு, அதன்மேல் வாசித்து, மற்றதில் பிடிப்பான்.

ஆனால் அவ்வளவு மெதுவாக வாசிப்பது எளிதல்ல என்பது போகப்போகத்தான் தெரிந்தது. மனிதனுக்குப் பொறுமை கிடையாது. மச்சினனுக்கு அறவே கிடையாது. முதல் நிமிடம் சாவு ஊர்வலமாகத் தொடங்குவது ஐந்தாம் நிமிடத்தில் கல்யாண ஊர்வலமாகிவிடும். நான் அப்போது நீர்ப்பாசன அலுவலகத்தில் ஓவர்சீயர், மாமனார் வீட்டிலேயே குடியிருந்தேன். கால்வாயில் அளவுகோலைப் பார்த்தே வயது போனதாலோ, பிறவியிலேயே அப்படியோ, எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு நாள் புரைக்குள் எட்டிப்பார்த்து, “நீ எட்டு எண்ணிக்கைக்கு ஒண்ணு அடிக்கணும். இப்ப ஆறுல அடிக்கிய. கொஞ்சம் முன்னால ஏழுல அடிச்ச” என்று சொல்லிவிட்டேன். அவன் கிதாரைக் கீழே வைத்தான்.

“அத்தானுக்கு இது மாறாம எண்ணத் தெரியுமா?”

“வேற என்ன தெரியும் எனக்கு?”

அன்றிலிருந்து நான் அவன் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் விரலில் எண்ணி, எட்டுக்குக் கையைத் தாழ்த்துவேன். அவன் மீட்டுவான். தனி ஆள் சங்கீதம் என்று அவன் பீற்றிக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. நான் ஓசை எழுப்பவில்லையே.

மாமாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. மாமா என் மாமனார். அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதமாகக் கட்டிலில் கிடந்தார். சின்ன விஷயத்துக்கும் சட்டம் பேசுகிறவர். அவருக்கும் பக்கத்து வீட்டில் இருந்த அவர் தம்பிக்கும் பதினொரு வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம், இரண்டு வீட்டுத் தோட்டங்களுக்கும், எங்கள் பேச்சில் விளைகளுக்கும், நடுவில், புரையின் ஜன்னலை ஒட்டி நின்ற மாமரம். அண்ணன் என்னுடையது என்பார், தம்பி என்னுடையது என்பார். மாங்காய் விழுந்தால் இருவருமே எடுக்க மாட்டார்கள், அணில் தின்னும். அந்த மாமா ஒரு நாள் மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“எலே, வீட்டுல ஒருத்தன் கெடப்புல கெடக்கேன். நீ அங்க இருந்து எனக்குச் சாவு ஒச்ச எழுப்பிய. எடவப்பாதி மழை தொடங்குற வரைக்கும் பொறுக்கேன். அதுக்குப் பொறவு இந்த விளையில அந்த ஒச்ச கேக்கப்பிடாது.”

மச்சினன் அன்று சிரிக்கவில்லை. அவனை அப்படி நான் பார்த்ததில்லை. வைகாசிப் பாதியில் அந்த மழை தொடங்கினால் தகரக் கூரையின்கீழ் எதையும் பதிவு செய்ய முடியாது. அதன்பின் அப்பா அனுமதிக்கவும் மாட்டார். அதற்குள் முடித்தாக வேண்டும், அல்லது அந்தப் பாட்டே இல்லை.

கிதாரையும் குரலையும் ஒருவழியாகப் பதிந்துவிட்டோம். கொட்டு மிச்சம். பத்தாயத்தைத் தட்டிப் பார்த்தான். நெல் வாசனைதான் வந்தது. கடைசியில், சாவு ஊர்வலங்களுக்கு வாசிக்கிற பேண்ட் செட்டுக்காரர் ஒருவரிடம் பேசி, பெரிய டிரம்மை ஒரு பகலுக்கு மட்டும் வாங்கினான். நான்கு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு வேலை இருந்தது. அன்று என் மாமியாரும் மனைவியும் பாலராமபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போயிருந்தார்கள். மாமா சாப்பிட்டு, வலி மாத்திரை போட்டு, முன்னறைக் கட்டிலில் தூங்கினார். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. நான் அதை மூன்று முறை வெளியே வந்து பார்த்தேன்.

நாங்கள் யோசிக்காதது ஒன்றுதான். அந்த டிரம்மை ஆட்டோவிலிருந்து எங்கள் வாசலில் இறக்கியதைத் தெருவில் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

கதவைச் சாத்தி, மெத்தையைச் சாய்த்து வைத்துவிட்டுத் தொடங்கினோம். ஒரு பெட்டியில் கிதாரும் உறுமலும் ஓடின. நான் எண்ணினேன். எட்டு. கை தாழ்ந்தது. டிரம் விழுந்தது. கூரை அதிர்ந்தது. மூன்று நிமிடம், நான்கு நிமிடம், ஒன்றும் பிசகவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் வெளியே செருப்புகளின் ஓசை கேட்டது. சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கள் ஊரில் கேள்வி கேட்பதில்லை. போய்ச் சேர்ந்தாரா, எப்போது, எப்படி என்று கேட்பது மரியாதைக் குறைவு. பெண்கள் வந்து தரையில் உட்காருவார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குவார்கள். அப்படியே தொடங்கினார்கள். பதின்மூன்றாவது நிமிடத்தில் ஜன்னலுக்கு வெளியே சின்ன மாமாவின் குரல் கேட்டது. மாமாவின் தம்பி. குரல் அழுது உடைந்திருந்தது.

“இந்த மரமாக்கும். இதை வெட்டு.”

“இது உங்களுக்க மரமில்லியா? வழக்கு உள்ளதில்லா?” என்று மரம் வெட்டுகிறவர் கேட்டார்.

“என்ன வழக்கு? அது அண்ணனுக்க மரமாக்கும். அன்னைக்கும் அண்ணனுக்க மரம்தான். நீ வெட்டு மக்கா.”

கோடாலி விழுந்தது. ஒன்று. நிறுத்தினால் பாட்டு போயிற்று. டிரம்மும் போய்விடும், மழையும் வந்துவிடும். நிறுத்தாவிட்டால் மரம் போயிற்று. நான் மச்சினனைப் பார்த்தேன். அவனும் கேட்டுவிட்டான். நிறுத்தாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினான். என் வாழ்நாளில் ஒரே நேரத்தில் இரண்டை எண்ணியது அன்றுதான். விரலில் எட்டு வரை, மனதுக்குள் கோடாலி வெட்டுகளை. இரண்டு, மூன்று. மரத்தின் சுற்றளவு எனக்குத் தெரியும், அளந்திருக்கிறேன். அந்த மரம் ஏழு எட்டு வெட்டுக்கு விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழாவது வெட்டும் எங்கள் கடைசி டிரம்மும் விழுந்து அடங்கின. அந்த அமைதிக்குள் முன்னறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

“எவம்லே அது எனக்க மரத்துல கை வச்சது?”

முற்றத்தில் ஒரு பெண் அழத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். யாரோ ஒருவர் கொண்டுவந்த தேங்காயைக் கீழே போட்டார். நான் கதவைத் திறந்து வெளியே வந்தபோது முப்பத்தொரு பேர் என்னைப் பார்த்தார்கள்.

சின்ன மாமா முன்னறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கால் வைத்திருந்தார்.

“உயிரோடத்தான் கெடக்கேன். ஏமாந்துட்டியா?” என்றார் மாமா.

“ஏமாந்துட்டேன் அண்ணா” என்றார் அவர். சொன்னபின்தான் என்ன சொன்னோம் என்று விளங்கி, தலையில் அடித்துக்கொண்டார்.

“அழுதியோ?”

“கண்ணுல பொடி விழுந்தது.”

“ஆருக்க மரம்னு சொன்ன? இன்னொருக்கா சொல்லு.”

சின்ன மாமா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். அப்போது மச்சினன் பின்னால் வந்து நின்று, செத்த குரலில் சொன்னான். “அது டேப்புல விழுந்திருக்கு அப்பா. எல்லாம் விழுந்திருக்கு. பாட்டு போச்சு.”

மாமா கட்டிலில் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். நான்கு மாதத்தில் முதல் முறை. “எலே, அதை ஒருத்தனும் அழிக்கப்பிடாது. கொண்டா பெட்டியை.”

அந்தச் சாவுப் பாட்டை, அதைத் தடைசெய்த மனிதர், கட்டிலில் கிடந்தபடி முழுதுமாகக் கேட்டார். முற்றத்தில் முப்பத்தொரு பேரும் கேட்டார்கள். ‘அண்ணனுக்க மரமாக்கும்’ வந்த இடத்தில் மாமா கையை உயர்த்தினார். அவருக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. சின்ன மாமா முதலில் சுவரைப் பார்த்தார். பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. பாலில்லையே, முப்பத்தொரு பேருக்குச் சாயா எப்படிப் போடுவது என்ற கவலையில் நான் இருந்தேன். சின்ன மாமா வீட்டிலிருந்து பால் வந்தது. வந்தவர்களின் பெயர்களை மாமா என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். “இவ்வளவு பேரு வருவாவளா?” என்று கேட்டார். பிறகு, “அவன் வாசிக்கட்டு. எடவப்பாதி கழிஞ்சும் வாசிக்கட்டு” என்றார்.

டிரம் நான்கு மணிக்குப் போனது. ஐந்தரைக்கு மழை பிடித்தது. திரும்பப் பதிவு செய்ய வழியில்லை. கோடாலியும் அழுகையும் சேர்ந்த அந்தப் பதிவையே மச்சினன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அனுப்பினான். இரண்டரை மாதத்தில் பதில் வந்தது. தொகுப்பில் உன் பாட்டுதான் முதலாவது, முடிவில் மரம் வெட்டும் ஓசையைச் சேர்க்க எப்படித் தோன்றியது என்று அந்தத் தொகுப்புக்காரர் கேட்டிருந்தார். மச்சினன் மறுபடி பஜ்ஜி வாங்கி வந்தான். இந்த முறை சின்ன மாமா வீட்டுக்கும் சேர்த்து.

மாமா அதற்குப்பின் ஒன்பது வருஷம் இருந்தார். நிஜமாகவே அவர் போன அன்று யாரோ வழக்கப்படி அந்த மாமரத்தின் அடியில் கோடாலியோடு போய் நின்றார்கள். சின்ன மாமா தடுத்தார். “வேண்டாம். அண்ணன் சொல்லிட்டுப் போயிருக்கான். ஒருக்கா எனக்குன்னு வெட்டியாச்சு, அது போதும்னு.” அவர் தன் விளையில், யாரும் வழக்காடாத தன் சொந்த மாமரத்தை வெட்டக் கொடுத்தார். பச்சை விறகுதான். நின்று நின்றுதான் எரிந்தது.

இப்போது மச்சினனுக்கும் தலை நரைத்துவிட்டது. இன்றும் புரையில் தனியாக வாசிக்கிறான். எண்ணுவதற்கு ஏதோ கருவி வைத்திருக்கிறான். அதில் எனக்கு நம்பிக்கையில்லை. மாமரம் நிற்கிறது. ஏழு வெட்டும் தடித்து மூடி ஒரே தழும்பாகிவிட்டன. விரலால் தடவினால் இன்னும் ஐந்தைப் பிரித்து எண்ணலாம். இந்த வருஷம் காய்ப்பு அதிகம். இரு வீட்டுக்காரர்களும் எடுக்கிறார்கள், அணிலுக்குத்தான் குறைவு.

இன்று காலையும் கேசட்டைப் போட்டேன். பதினொரு சுற்று, அறுந்துவிடவில்லை. விரல் தானாக எட்டு எண்ணுகிறது, கை தாழ்கிறது, டிரம் விழுகிறது. ஐந்தாம் நிமிடத்தில் செருப்போசை. பிறகு ஒரு மனிதர் உடைந்த குரலில், அது அண்ணனுக்க மரமாக்கும் என்கிறார். உலகத்திலேயே துக்கமான அந்தச் சங்கீதத்தில், அந்த இடம் வரும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து என் மனைவி சிரிக்கிற ஓசை கேட்கிறது. அப்போது மட்டும் எனக்கு எண்ணிக்கை தவறிவிடுகிறது.