முகாம் தொடங்கும் நாள், காலை பத்து மணி

எங்கள் பஸ் பணிமனையில் அவளைப் பட்டாளத்தக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். டீசல் மெக்கானிக். வருடத்துக்குப் பதினைந்து நாள் ரிசர்வ் படையில் பயிற்சிக்குப் போவாள். "என் மருமக பதினஞ்சு நாள் நாட்டக் காப்பாத்துவா, மிச்ச நாள் எங்களக் காப்பாத்துவா" என்று அவள் மாமியார் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பள்ளத்தில் கவிழ்ந்த கனரக வண்டிகளைத் தூக்கும் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவள், அங்கே முப்பது பேருக்குப் பாடம் நடத்தும் பயிற்றுநராக உயர்ந்துவிட்டாள். இங்கே ஒன்பது வருடமாக அதே இரண்டாம் நிலை மெக்கானிக். அவளிடம் ஸ்பேனர் பிடிக்கக் கற்ற மூன்று பேர் போர்மன் ஆகி அவளையே வேலை ஏவினார்கள்.

காரணம் மேனேஜர். ஒருமுறை ஒரு பஸ்ஸைக் காட்டி, "கியர்பாக்ஸ் போயிடுச்சு, மாத்து" என்றார் அவர். "கிளட்ச் தட்டுதான் சார்" என்று டிரைவர்கள் முன்னால் சொல்லி, கழற்றியும் காட்டினாள். அன்று கருவ ஆரம்பித்த மனுஷன்.

போர்மன் பதவி உயர்வுக்கு ஆண்டுக்கு ஒரு நேர்காணல். நாளைக் குறிப்பது மேனேஜர். அக்கா விதிப்படி முப்பது நாள் முன்னதாக முகாம் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பாள். அலுவலக எழுத்தர் நான், முத்திரை குத்தி உள்ளே அனுப்புவேன். மறுநாளே நேர்காணல் அறிவிப்பு வரும்: முகாம் தொடங்கும் நாள், காலை பத்து மணி. பட்டியலில் அவள் பெயரும் இருக்கும், பிறகு அதற்கு நேரே 'வரவில்லை' என்று எழுதப்படும். நான்கு வருடம் இப்படியே நடந்தது.

ஐந்தாம் வருடமும் அதே கதை. ஆனால் நேர்காணலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, பயிற்சி மைதானத்தில் வெள்ளம், முகாம் இரண்டு மாதம் தள்ளிவைப்பு என்று அவள் வீட்டுக்குக் கடிதம் வந்தது. அதோடு என் மேஜைக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, இத எப்ப குடுக்கணும்?"

"புதுத் தேதிக்கு முப்பது நாள் முன்னாடி குடுத்தா போதும்க்கா."

"அப்ப இன்னும் நாள் இருக்கு" என்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாளும் எனக்குள் ஒரே குதூகலம். மாட்டினடா மவனே என்று நினைத்துக்கொண்டேன்.

நேர்காணல் அன்று கேள்வி கேட்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாவும் இன்னொருவரும் வந்திருந்தார்கள். அக்கா துவைத்துத் தேய்த்த காக்கியில் உள்ளே நுழைந்தாள். மேனேஜர் முகம் செத்துப்போனது.

"நீ எப்படி இங்க? இன்னிக்கு நீ கேம்ப்ல இல்ல இருக்கணும்?"

வந்திருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மேனேஜர் தண்ணீர் குடித்தார்.

"நாலு வருஷமா தெரியும் மேடம்" என்றாள் அக்கா. "ஆபீஸ் பதிவேட்டப் பாருங்க."

பதிவேட்டையும் அறிவிப்புக் கோப்பையும் நான்தான் கொண்டுபோய் வைத்தேன். கடிதம் வந்த தேதி, அடுத்த நாள் அறிவிப்பு, ஐந்து ஜோடி. பக்கம் புரட்டப் புரட்ட மேனேஜர் வேர்த்ததைப் பார்க்க எனக்கு இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது?

அக்கா போர்மன் ஆனாள். மேனேஜரைப் பழைய டயர் கிடங்குக்குத் தூக்கி அடித்தார்கள். போகிற அன்று அவளிடம் வந்து, "நடந்தத மறந்துரும்மா" என்றார்.

"நாலு வருஷத்தையும் திருப்பிக் குடுங்க சார், மறந்துடறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். நான் சிரித்தபடி அவள் பக்கத்தில் போய் நின்றேன். அந்த வெற்றியில் எனக்கும் பங்கு உண்டென்றே நம்பினேன். அவள் கையிலிருந்த கிரீஸைத் துணியில் நிதானமாகத் துடைத்தாள்.

"அந்த நோட்டீசெல்லாம் டைப் அடிச்சது நீதானே?"

"ஆமாக்கா."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டாவது வருஷமே."

தலையை ஆட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டாள். மறுநாள் காலை வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வந்தவள் என்னைப் பார்த்து, "பேனா குடுங்க சார்" என்றாள்.

ஆறு வருடம் ஆகிறது. இன்னும் நான் சார்தான்.