முருங்கைத் தோட்டத்துக்கு ஃபயர் எக்ஸிட்

இன்று செவ்வாய்க்கிழமை, காலை 11.20. ஆய்வுக்கு வந்தவர் ஒருவர். கேட்ட கேள்விகள் பதினாறு. என் தோட்டத்துக்குப் பொருந்தியது ஒன்று: என் பெயர்.

வெள்ளகோவில் பக்கம் நான்கு ஏக்கர் முருங்கையை இயற்கை விவசாயத்துக்கு மாற்றுகிறேன். சான்று வாங்க மூன்று வருடம் ரசாயனம் இல்லாமல் ஓட்ட வேண்டும்; சரியான சான்று நிறுவனத்தில் பதிவு செய்தால்தான் அந்தக் கணக்கு தொடங்கும். தப்பான இடத்தில் கையெழுத்துப் போட்டால் அத்தனை வருடமும் வீண்.

மாமாவுக்கு முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி. அங்கே சான்று தரும் நிறுவனத்தையே எனக்கும் பிடித்துக் கொடுத்தார். “நம்ம ஆளுங்க மாப்ள. ஆடிட்டுக்கு மொத நாளே போன் பண்ணீருவாங்க.”

இன்று ஆய்வுக்கு வந்த ஆள் வரப்பில் நின்று கேள்விப் பட்டியலைப் படித்தார். “ஏனுங்க, ஃபயர் எக்ஸிட் எந்தப் பக்கமுங்க?”

“எல்லாப் பக்கமும்தானுங்க. செவுரே இல்லீங்களே.”

எழுதிக்கொண்டார். நிஜமாகவே எழுதிக்கொண்டார்.

நான் கேட்டேன்: “பக்கத்துக் காட்டுல பூச்சிமருந்து அடிக்கறாங்க. அது இங்க படாம இருக்க நான் எவ்வளவு எடம் விடோணும்?”

“அது உங்க வசதிங்க.”

“உங்க அங்கீகாரத்துல பயிர்ச் சாகுபடி இருக்குதுங்களா?”

“டெக்ஸ்டைல் இருக்குதுங்க. எல்லாம் ஆர்கானிக்தானுங்களே சார்?”

விண்ணப்பத்தை வாங்கி அவர் எதிரிலேயே கிழித்தேன். மாமா போனில், “மரியாதை தெரியாதவன்” என்றார். தெரியாதுதான்.

இனி செய்யப்போவது:

1. அங்கீகாரத்தில் பயிர்ச் சாகுபடி உள்ள நிறுவனங்களை மட்டும் கூப்பிடுவேன்.
2. பக்கத்துக் காட்டு மருந்தைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். “உங்க வசதி” என்றால் போனை வைத்துவிடுவேன்.
3. ஃபயர் எக்ஸிட் போர்டு ஒன்று வாங்கி மரத்தில் மாட்டி, மாமாவுக்குப் படம் அனுப்புவேன். அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.