முனையில் போட்ட கட்டு

பிற்பகல் மணி இரண்டு பத்து. கைப்பேசித் திரையின் மூலையில் அந்த எண்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே, காற்றில் தலைமுடி பறக்க, என் மகள் இருந்தாள். சனிக்கிழமை, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. சாப்பிட்டு முடித்து நானும் என் கணவரும் கூடத்தில் உட்கார்ந்து, கோவாவிலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த ஒரு பாய்மரப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படகு கரையை ஒட்டியே வந்ததால் சில இடங்களில் சிக்னல் கிடைக்கும். கிடைத்ததும் வீடியோவில் கூப்பிடுவாள்.

படகு கொச்சியில் இருக்கும் ஒரு தம்பதியுடையது. அந்த மனிதர் ஓய்வுபெற்ற பொறியாளர். என் மகள் பெங்களூரில் பார்த்த கணினி வேலையை விட்டுவிட்டு அவர்களிடம் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீடு சின்னமனூருக்கு வெளியே, வாழைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனாருக்கு இந்தச் செய்தி கடைசிவரை செரிக்கவில்லை. "வைகை டேமத் தாண்டித் தண்ணியப் பாத்திருக்கமா நாம? இவளுக்கு மட்டும் எங்கனருந்து வந்துச்சு கடல்?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்பார். நான் சிரித்துவிட்டு உள்ளே வந்து பயப்படுவேன். என் கணவர் பயப்படவில்லை. மகள் சொல்லும் ஒவ்வொன்றையும் தோட்டத்துக் கணக்கில் மாற்றிப் புரிந்துகொண்டு மகிழ்ந்தார்.

படகிலிருந்த ஒரு கம்பும் அப்படித்தான் அவருக்குப் பிடித்துப்போனது. அதற்கு ஆங்கிலத்தில் 'விஸ்கர் போல்' என்று பெயராம். ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளமான அலுமினியக் கம்பு. ஒரு முனையைப் பாய்மரத் தண்டில் மாட்டுவார்கள். மறுமுனை படகுக்கு வெளியே, கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். எதற்கு என்று நான் கேட்டபோது மகள் சொன்னாள்:

"காத்து முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்போது பெரிய பாய் முன்பாயை மறைச்சிரும்மா. முன்பாய்க்குக் காத்தே கிடைக்காம துவண்டு துவண்டு விழும். அதான் கம்பை வச்சு அதை அந்தப் பக்கமா தள்ளிப் பிடிக்கிறோம்."

"வாழைக்கு முட்டுக் குடுக்குறோமுல்ல, அதானத்தா," என்றார் அவர்.

"அதேதாம்ப்பா."

அன்று காலையிலும் ஒரு முறை கூப்பிட்டிருந்தாள். கம்பின் வெளிமுனையில் ஒரு கொக்கி உண்டு. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு அதன் வழியாக ஓடும். அந்தக் கொக்கி உப்புப் பிடித்து மூட மறுக்கிறது, கயிறு வெளியே வந்து வந்து விழுகிறது என்றாள்.

"அவுகள எழுப்பிக் கேளேன்," என்றேன் நான்.

"அங்கிள் ராத்திரி பூரா முழிச்சிருந்தாகம்மா. இப்பத்தான் கீழ போயிப் படுத்தாக. பாவமா இருக்கு."

என் கணவர் கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கினார். "கொக்கிய விடு. பாயோட முக்கையும் கம்பு முனையையும் சேத்து ரெட்டைக் கட்டாப் போட்டு இறுக்கிரு. ஆடிக் காத்துல அம்புட்டுக் கனத்துத் தாருக்கே நிக்கிது, ஒரு துணிக்கு நிக்காதா?"

அவள் சிறுமியாக இருந்தபோதே அந்தக் கட்டைப் போடக் கற்றுக்கொண்டவள். எங்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. ஆனி, ஆடியில் கணவாய் வழியாகக் காற்று இறங்கும்போது, குலை தள்ளிய வாழை ஒவ்வொன்றுக்கும் கம்பு ஊன்றி, கழுத்தில் சேர்த்து இறுக்குவோம். கட்டு நெகிழ்ந்தால் மரம் போயிற்று. இந்தப் பள்ளத்தாக்கில் காற்றைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இறுக்கிக் கட்ட வேண்டும்.

பாய் சுருட்டியிருந்தபோதே கம்பைத் தளத்தில் வைத்து முனையில் கட்டைப் போட்டுவிட்டாள். பிறகு கம்பை வெளியே நீட்டிப் பாயை விரித்திருக்கிறாள். இரண்டு பத்துக்கு அதைக் காட்டத்தான் கூப்பிட்டாள். கைப்பேசியை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு எதிரே நின்றாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைப் பாய் நிறைமாத வயிறு போல விம்மி நின்றது.

"பாருங்கப்பா, உங்க கட்டு. அசையுதான்னு பாருங்க."

"அசையாதுத்தா. யாரு கட்டு!"

அதற்குள் காற்றின் இரைச்சல் கூடிவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தாள், மறுபடி காலை ஊன்றி இழுத்தாள்.

"பாயைச் சுருட்டணும். சுருள மாட்டேங்குதே," என்றாள். எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

"கட்டை அவுத்துவிடு," என்றார் இவர்.

"எப்டிப்பா? அது கடலுக்கு மேலல்ல இருக்கு. எட்டாது."

கம்பை உள்முனையில் கழற்றிவிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முன்னால் போனாள். நான் "அவுகள எழுப்பு, அவுகள எழுப்பு" என்று கத்தினேன். காற்றில் அது அவளுக்குக் கேட்டிருக்காது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கம்பின் முனை கடலுக்குள் போவதைப் பார்த்தேன். படகு முன்னே ஓட, தண்ணீர் கம்பைப் பின்னால் தள்ளியது. ஏதோ முறிந்த சத்தம். திரையில் வானம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"சிக்னல் போயிருக்கும்," என்றார் என் கணவர்.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னது. படகுக்காரர்களின் எண்ணை நாங்கள் வாங்கி வைத்திருக்கவில்லை. மகள்தான் எப்போதும் கூப்பிடுகிறாளே என்று இருந்துவிட்டோம்.

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு சட்டையை மாட்டினார். கொச்சிக்குப் போக நாத்தனார் மகன் காரைக் கொண்டுவந்தான். நானும் ஏறப் போனேன்.

"நீ இங்கன இரு," என்றார். "லோயர் கேம்ப் தாண்டி மலையேறுனா போன் எடுக்காது. அவளுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது உன் நம்பரு ஒண்ணுதான். யாரு போன்லருந்தாச்சும் கூப்புட்டா நீதான் எடுக்கணும்."

அது சரியாக இருந்தது. நான் படியில் நின்றேன். கார் போன பிறகு, அவர் ஒரு முறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

நாத்தனார் வந்து உட்கார்ந்தார். வந்த வேகத்தில் "நான் அப்பவே சொன்னேன்" என்று தொடங்கியவர், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அடுப்படிக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

"குடி மதினி."

"வேணாம் மதினி."

"குடி. போன் வந்தாப் பேசத் தொண்டை வேணுமுல்ல."

குடித்தேன். கைப்பேசியை மடியில் வைத்திருந்தேன். மின்சாரம் போய்விடுமோ, சார்ஜ் இறங்கிவிடுமோ, நான் தெரியாமல் எதையாவது அழுத்தி ஒலியை நிறுத்திவிடுவேனோ என்று மாற்றி மாற்றிப் பயந்தேன். தோட்டத்தைப் பார்க்கும் ஜன்னலைச் சாத்தினேன். முட்டுக் கொடுத்து நின்ற மரங்களை என்னால் பார்க்க முடியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. படகுக்காரர். மகள் எண்ணைச் சொல்ல, அவர் அழைத்திருந்தார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது: சொல்லியிருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள். நான் அழ ஆரம்பித்ததால் அவர் சொன்ன மீதியை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

"மோள் கொச்சியில ஹாஸ்பிட்டல்ல இருக்கு டீச்சர். போதம் உண்டு, நினைவு நல்லா இருக்கு, பேசுது. ஒடிஞ்ச கம்பு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில அடிச்சது. வலது கை தூக்க முடியல. ஸ்கேன் எடுக்கணும்னு சொன்னாங்க."

பிறகு கேட்டார்: "அந்த முனையில கயிறு ஓடணும் டீச்சர். ஓடினாத்தான் காத்து கூடும்போது பாயைச் சுருட்டலாம், கம்பு அப்படியே நிக்கும். முனையோட பாயைச் சேத்து ஆரு கெட்டினது? ஞான் அப்படிச் சொல்லிக் குடுக்கல்லையே."

"அது எங்க வீட்டுக் கட்டுங்க," என்றேன்.

அவர் எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு வைத்தார்; அதை என் கணவருக்குச் சொன்னேன்.

மறுநாள் காலை முதல் பேருந்துக்குக் கிளம்பப் பையை எடுத்தேன். என் கணவர் கூப்பிட்டு, இன்றைக்கே அனுப்பிவிடுவார்கள், வழியில் மாறிப்போவோம், வராதே என்றார். கை எப்படி என்றதற்கு "வந்து சொல்றேன்" என்றார். அவளிடம் கொடுக்கச் சொன்னேன். குரல் மருந்தில் ஊறிக் கிடந்தது.

"வீக்கமாம்மா. வத்துனா கை வந்துருமாம். டாக்டர்கிட்டப் பேசிட்டு வந்து அப்பா சொன்னாக."

"விரலை அசைக்க முடியுதாத்தா?"

"இன்னும் இல்ல. வீக்கமுல்ல."

அதைப் பிடித்துக்கொண்டேன். வீக்கம்தானே. சொல்லிச் சொல்லி அவள் அறையைப் பெருக்கினேன். கட்டிலை இடது பக்கமாக இறங்க வசதியாகத் திருப்பிப் போட்டேன். முன்னால் பொத்தான் வைத்த சட்டைகளைத் தேடி எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கையால் இந்தப் பொத்தான்களை எப்படிப் போடுவாள் என்று தோன்றியது. என் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். முடியவில்லை. அவற்றை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். நாத்தனார் வந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு கார் வந்தது. பின் இருக்கையில் மகள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கை ஒரு துணித் தொட்டிலில், அவளுடையது அல்லாததைப் போல, மடியில் கிடந்தது. நான் கதவைத் திறக்கப் போனேன். முன்னால் இருந்து இறங்கிய என் கணவர், காலையில் கூட மழிக்காத முகத்தோடு, வந்து குறுக்கே நின்றார். கதவு முழுக்கச் சாத்தியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, அவளுக்குக் கேட்டுவிடாதபடி, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"வீக்கமுன்னு நானாத்தான் சொல்லி வச்சிருக்கேன். டாக்டரு அப்படிச் சொல்லல. கழுத்துக்கிட்ட நரம்பு அத்துப்போச்சாம், கை வராதுங்குறாக. நீ படிச்சவ, முழிச்சதும் நீ சொல்லிரு. என்னால ஆகல."