அடித்தவர் கைவிடவில்லை

எங்கள் அன்பு அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைகிறது. தங்கை எழுதினால் புகழ்ந்துதான் எழுதுவாள் என்று நினைப்பீர்கள். அண்ணன் அதற்கு இடம் வைக்கவில்லை. "எனக்கு நினைவு மலர் போட்டா உள்ளத எழுதும்மா. நான் ஓடிப்போனதயும் எழுது, அவர் புடிச்சி இழுத்தாந்ததயும் எழுது" என்று படுக்கையிலேயே சொல்லிவிட்டார். ஆகவே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பெடாஸ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நடுவதற்கு முன்பு. எங்கள் அப்பா அங்கே ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். வேலைக்காட்டில் எப்படியோ, வீட்டில் அவருடைய இடைவாருக்கு ஓய்வு கிடையாது. தகரக் கூரை போட்ட எங்கள் சிற்றாலயத்தில் பாட்டு எண்களைப் பலகையில் மாட்டும் பொறுப்பு அண்ணனுடையது. குரலும் அவருக்குத்தான் வாய்த்தது. அவர் முதல் வரியை எடுத்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்களும் எழுந்துவிடுவார்கள்.

வளர்ந்ததும் லோரியில் செம்பனைப் பழக்குலை ஏற்றும் வேலைக்குப் போனார். ரஹாங்கிலிருந்து அண்ணி வாழ்க்கைப்பட்டு வந்தார். மகன் ஜோயல் பிறந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

நம் ஆட்கள் லாட்டரிக்கு நம்பர் எடுப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கார் மோதினால் அந்தக் காரின் நம்பர், கனவில் பாம்பு வந்தால் அதற்கொரு நம்பர். சாவு வீட்டுக் கதவு எண்ணைக்கூட விடமாட்டார்கள். அண்ணன் அதற்கும் ஒரு படி மேலே போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம் மாட்டிய இரண்டு பாட்டு எண்களைச் சேர்த்து எழுதிக்கொண்டு நேரே நம்பர் கடைக்குப் போய்விட்டார். ஐயோ, அது ஏறிப் பரிசும் விழுந்து தொலைத்தது!

அந்தப் பணத்தில் சொந்தமாக லோரி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமையும் லோரி ஓடியது. முதலில் ஒரு வாரம் மட்டும் என்றார். பிறகு ஆராதனையும் இல்லை, ஜெபமும் இல்லை. கூட்டாளிகளும் குடியும் சேர்ந்துகொண்டன. போதகர் தேடிப் போனபோது, "ஆண்டவர் குடுத்த நம்பர்தான் பாஸ்டர். சும்மாவா பலகையில வரும்?" என்று சிரித்து அனுப்பிவிட்டார். தோட்டத்தை விட்டு நீலாயில் வீடு வாங்கினார். தொட்டதெல்லாம் துலங்கியது. எனக்கோ வயிறு எரிந்தது. கர்த்தாவே, இப்படியும் விட்டுவைப்பீரா என்று அழுதிருக்கிறேன்.

பிறகு ஒரு செம்பனை முள் காலில் ஏறியது. சின்ன முள் என்று விட்டுவிட்டார். ஏற்கெனவே இனிப்புநீர், சர்க்கரை வியாதி. காயம் புரையோடி, சிரம்பான் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. லோரியை விற்றார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "ஆண்டவர் தண்டிச்சிட்டாருப்பா" என்று வாய் கூசாமல் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அண்ணனோ நிதானமாகக் கேட்டார்:

"நம்ம அப்பா நம்மள அடிச்சாரே, பக்கத்து லயத்துப் புள்ளைங்கள எப்பவாச்சும் அடிச்சாரா? பெத்தவருதான் லா அடிப்பாரு. இத்தன வருசம் நான் பாட்டுக்கு ஓடுனேன், ஒரு அடி விழல. அத நெனச்சாதான் எனக்குப் பயமா இருக்கு. இப்ப என்ன அடிச்சி நிறுத்திட்டாரு. அப்ப நான் இன்னும் அவரு புள்ளதானே?"

அன்றைக்கு அந்த அறையில் அழாதவர் அண்ணன் ஒருவர்தான்.

குணமானதும் தோட்டத்து ஆலயத்துக்கே திரும்பினார். ஊன்றுகோலோடு சபைக்கு முன் நின்று, பாட்டுப் பலகையில் நம்பர் எடுத்த கதையை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஆராதனை முடிந்ததும் ஒருவர் மெல்ல அருகில் வந்து, "அண்ணே, அது என்னா நம்பர்?" என்று கேட்டாரே பார்க்கலாம்! அவர் பெயரைப் போடமாட்டேன். இந்த மலர் அவர் கையிலும் இருக்கும். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடைசிவரை பாடினார், முதியோருக்காக ஜெபித்தார், குடியில் கிடந்த பழைய கூட்டாளிகளைத் தேடிப் போனார்.

ஒரே ஒரு துக்கம் மட்டும் அவரை விடவில்லை. அது ஜோயல். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு லோரியில் வளர்ந்த பிள்ளை அவன். தங்கமான குணம். அப்பாவைக் குளிப்பாட்டினான், தூக்கிச் சுமந்தான், வாராவாரம் ஆலயத்துக்குக் காரில் கொண்டுவந்து விட்டான். ஆனால் உள்ளே வரமாட்டான். "நான் கூட்டிட்டுப் போன எடத்துலதான் இன்னும் நிக்கிறான். நான் மட்டும் திரும்பி வந்துட்டேன்" என்று அண்ணன் என்னிடம் கலங்கியிருக்கிறார். கடைசி நாட்களில் பேச்சு குறைந்தபோதும் அவர் ஜெபம் ஒன்றுதான்: "ஆண்டவரே, எம்புள்ளய அவன் பாட்டுக்கு விட்றாதீங்க. அடிச்சாலும் பரவால்ல, விட்றாதீங்க." அண்ணியும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அண்ணனைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், நாங்கள் சமைக்க மறந்த நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்கும், அடக்க ஆராதனைக்கு வந்த தோட்டத்து மக்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசியாக ஜோயலுக்கு. ஐயா, எல்லார் முன்னாலும் எழுதுகிறேன் என்று அத்தையைக் கோபிக்காதே. உனக்கு நல்ல வேலை, நல்ல வீடு, எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். உன் அப்பா செய்த ஜெபத்தை இப்போது நான் செய்துகொண்டிருக்கிறேன். அது கேட்கப்படும், எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்கு உனக்கு வலிக்கும். ஓடாதே கண்ணு. அடித்தது யார் என்று மட்டும் திரும்பிப் பார்.