நல்லாருக்குன்னு சொல்லாத வீடு

போடியில ஏலத்தோட்டம் வச்சிருக்கிற எந்த ஆளுகிட்ட வேணும்னாலும் போய், "காய் எப்படிண்ணே இந்த வருசம்?"னு கேட்டுப் பாருங்க. உடனே முகத்தைச் சுளிப்பாரு. "என்னத்தச் சொல்ல! மழை கெடுத்துருச்சு"ம்பாரு. மழை கெடுக்கலைன்னா வெயில் கெடுத்திருக்கும். ரெண்டும் கெடுக்கலைன்னா இருக்கவே இருக்கு குரங்கு. அங்க தோட்டத்துல செடிக்கு அடியில சரஞ்சரமாக் காய் கிடக்கும். இவரு இங்க கடைவீதியில நின்னுக்கிட்டு, "ஏதோ இருக்கு"ன்னு இழுப்பாரு. கேக்குறவரும் நம்ப மாட்டாரு. ஏன்னா அவருக்கும் தோட்டம் இருக்கும், அவரும் அதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிவாரு. நல்லாருக்குன்னு வாய் தவறிச் சொல்லிட்டா கண்ணு பட்டுரும், வியாபாரி காதுக்குப் போனா விலையும் இறங்கிரும். அதனால ஊரே கூடி அழுதுக்கிட்டு இருக்கும், சந்தோசமா.

எங்க அப்பாவுக்கு இந்த விசயத்துல ஊர்ல ஈடு கிடையாது. போடிமெட்டுக்கு அங்கிட்டு, மலை மேல, எங்களுக்குச் சின்னதா ஒரு தோட்டம். எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து அங்க ஒரு வருசங்கூட நல்ல வருசம் வந்ததில்ல, அவரு கணக்குப்படி. அந்தத் தோட்டத்துலதான் வீடு கட்டினாரு, ஜீப்பு வாங்கினாரு, எங்க அக்காவைக் கட்டிக் குடுத்தாரு. கேட்டா, "ஏதோ ஓடுது"ம்பாரு.

காய்க்குச் சொல்றதோட விட்டாங்களா? பிள்ளைகளுக்கும் அதேதான். நான் பன்னெண்டாவதுல பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க்கு. பக்கத்து வீட்டுக்காரவுக வந்து அம்மாகிட்ட, "மக எப்படி எழுதியிருக்கா மதினி?"ன்னு கேட்டாக. அம்மா சேலை முந்தியால முகத்தத் தொடைச்சுக்கிட்டு, "ஏதோ பாஸ் பண்ணியிருக்கா"ன்னு சொல்லுது! நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பல்லைக் கடிச்சேன். ஏதோ பாஸாம். அவுக போனதும் என்னைய உக்கார வச்சு மொளகாயும் உப்பும் சுத்திப் போட்டுச்சு. பெருமைய எல்லாம் அடுப்புலதான் போடுவாக எங்க வீட்ல.

இப்படி வளந்த என்னையத்தான் மெடிக்கல் காலேஜுல நேர்முகத்துக்குக் கூப்பிட்டாக. நான் சேர்ந்த காலத்துல அந்தக் காலேஜுல அவுகளே பரீட்சை வச்சு, தேறினவங்களக் கூப்பிட்டு, எதிர்ல உக்கார வச்சுப் பேசிப் பார்த்துத்தான் சீட்டுக் குடுப்பாக. எனக்கு அந்த ஒரு இடந்தான். வேற எங்கயும் சேர வழியில்ல. அது போச்சுன்னா பக்கத்து ஊரு காலேஜுல ஏதாவது ஒரு டிகிரி, அதுக்கப்புறம் கல்யாணம். இதை வாய் விட்டு யாரும் சொல்லல, ஆனா வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

சேதி வந்த அன்னிக்கே அம்மாவோட தம்பி, எங்க மாமா, ஒத்திகை பார்க்கணும்னு கிளம்பி வந்துட்டாரு. மாமாதான் எங்க ஜீப்பு ஓட்டுறவரு. தினம் காலையில போடியில இருந்து தோட்ட வேலைக்குப் பொம்பளைகளை ஏத்திக்கிட்டு மேல போவாரு. கூடத்துல பிளாஸ்டிக் சேரைப் போட்டு, அப்பாவோட மூக்குக்கண்ணாடிய வாங்கி மாட்டிக்கிட்டு, கால் மேல கால் போட்டு உக்காந்தாரு.

"உன்னையப் பத்திச் சொல்லு தாயி."

"பெருசாச் சொல்ல ஒண்ணும் இல்ல."

"நல்லாப் படிப்பியா?"

"ஏதோ படிப்பேன்."

"டாக்டருக்குப் படிச்சு என்ன செய்வ?"

"முதல்ல கிடைக்கட்டும், பார்ப்போம்."

மாமா கண்ணாடியக் கழட்டிட்டாரு. அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோசம், பிள்ளை எம்புட்டு அடக்கமாப் பேசுதுன்னு. அப்பா அதுக்கு மேல. "எதுக்கு நம்ம வாயால சொல்லணும்? மார்க்கு சீட்டை நீட்டு. காய உள்ளங்கையில கொட்டிக் காமிக்கிறதில்லையா? பார்த்துக்கிருவாங்க"ன்னாரு.

எங்க பள்ளிக்கூடத்துல எனக்கு முன்னாடி படிச்ச ஒரு அக்கா அதே காலேஜுல படிச்சுக்கிட்டு இருந்தாக. போன் போட்டு, நான் சொன்ன பதிலை எல்லாம் ஒப்பிச்சேன். அவுக, "அடிப் பாவி, கெடுத்த! இந்த ஏதோ, பார்ப்போம், சுமாரு, இதெல்லாம் வாயில வரவே கூடாது. நீ நல்லாப் படிப்பேன்னா நல்லாப் படிப்பேன்னு சொல்லு. அவங்க என்ன உங்க அப்பாகிட்ட காய் வாங்கவா வர்றாங்க?"ன்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாக.

சரி, சொல்லிருவோம்னு கண்ணாடி முன்னாடி நின்னு, "நான் நல்லாப் படிப்பேன்"னு சொல்லிப் பார்த்தேன். யாத்தி, அந்தக் கூச்சத்த என்னன்னு சொல்ல! யாரோ சேலை உருவின மாதிரி கையால முகத்த மூடிக்கிட்டேன்.

மாமாதான் வழி கண்டுபிடிச்சாரு. "வீட்ல வேண்டாம், உங்க ஆத்தா கெடுத்துரும். காலையில ஜீப்புல ஏறு"ன்னாரு.

அப்ப காய் எடுக்குற காலம். ஜீப்பு நெறைய பொம்பளைக. தூக்குச்சட்டி, மழைக்குப் போத்திக்கிற கொங்காணி, வெத்தலைப் பை, எல்லாத்தோடயும் ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்த மாதிரிதான் போவோம். அப்பா முன் சீட்டுல, நான் பின்னாடி அவுகளுக்கு நடுவுல. அடிவாரத்துல முந்தல் ஊரைத் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் மாமா திரும்பாமலே கத்தினாரு: "ஏ, எல்லாரும் கேட்டுக்கங்க. பிள்ளைக்கு டாக்டர் சீட்டுக்குக் கேள்வி கேக்கப் போறாங்க. நீங்க கேட்டுப் பழக்குங்க. ஏதோன்னு வாயில வந்துச்சு, நங்குன்னு ஒரு குட்டு வைங்க."

அம்புட்டுத்தான். விடுவாகளா?

"ரத்தத்தப் பார்த்தா மயக்கம் போட்டு விழுந்துருவியாடி?"

"விழ மாட்டேன்க்கா."

"எப்படித் தெரியும்?"

"ஏதோ ஒரு தைரியந்தான்..." நங்கு.

"கல்யாணம் கட்டிட்டா ஊசியத் தூக்கி எறிஞ்சுட்டுப் போயிருவியா?" "மேல தோட்டத்துக் கூலியாளுக இருக்கிற லயத்துல கரண்டு நிக்காது, ரோடு கிடையாது, அங்க வருவியா?" "காசு இல்லாதவன் வந்தா என்ன சொல்லுவ?" வளைவுக்கு வளைவு ஒரு கேள்வி. ஒரு அக்கா மட்டும், "எனக்கு முழங்கால் ரெண்டும் வலிக்குதே, அதுக்கு என்னடி மாத்திரை?"ன்னு தினம் அதையே கேட்டுச்சு. "அக்கா, நான் இன்னும் சேரவே இல்லக்கா"ன்னா, "சேராமலா இம்புட்டுப் பேச்சுப் பேசுற?"ன்னு அதுக்கும் ஒரு குட்டு.

மேல எஸ்டேட்டுலயே பிறந்து வளந்து, இப்ப போடியில குடியிருக்கிற ஒரு மலையாளத்துச் சேச்சி இருந்தாக. அதிகம் பேச மாட்டாக. அவுகதான் ஒருநாள் கேட்டாக: "மோளே, பிழைக்க மாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு. அந்த வீட்டு ஆளுக உன் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. நீ என்ன சொல்லும்?" எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னே சொன்னேன். "அது சரி, அதையே அங்கயும் சொல்லு"ன்னு அந்தச் சேச்சி தலையத் தடவிக் குடுத்தாக.

மண்டை வீங்க வீங்கப் பழகினேன். கூச்சம் கொஞ்சங் கொஞ்சமா விட்டுச்சு. ஒருநாள் போடிமெட்டு செக்போஸ்டுகிட்ட ஜீப்பு நிக்கும்போது, "நான் நல்லாப் படிப்பேன்! நல்ல டாக்டரா வருவேன்!"னு தொண்டை கிழியக் கத்தினேன். பொம்பளைக எல்லாம் குலவை போட்டாக. செக்போஸ்டுக்காரரு என்னமோ ஏதோன்னு எந்திரிச்சு வந்து எட்டிப் பார்த்தாரு. அந்தச் சந்தோசத்த நான் அதுக்கப்புறம் பட்டம் வாங்கின அன்னிக்குக்கூட அனுபவிக்கல, சத்தியமா. முன் சீட்டுல அப்பா மட்டும் ரோட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நல்லாருக்குன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல.

நேர்முகத்துக்கு அப்பாவும் நானும் போனோம். உள்ள மூணு பேரு. உக்காந்து முதல் கேள்வி வந்ததும் ஜீப்புல இருக்குற மாதிரி ஆயிருச்சு எனக்கு. ஏன் டாக்டருக்குப் படிக்கணும்னு கேட்டாக. "எங்க மலையில ஒருத்தருக்கு முடியலைன்னா ஜீப்புல போட்டுத்தான் கீழ கொண்டு வரணும் சார். அத்தனை வளைவுலயும் நோயாளி புரண்டு புரண்டு வருவாரு. அப்ப அந்த மலையிலயே ஒரு டாக்டர் இருந்தா எப்படி இருக்கும்னு நினைப்பேன். அது நானா இருக்கலாம். நான் நல்லாப் படிப்பேன்"னு சொன்னேன். கண்ணாடி போட்ட ஒரு மேடம் சிரிச்சாக. மண்டையில குட்டு விழாதது ஒண்ணுதான் குறை.

முடிஞ்சுச்சுன்னு எந்திரிக்கப் போனேன். "இருங்க, உங்க அப்பாவையும் வரச் சொல்லுங்க"ன்னாக. பெத்தவங்களோட ரெண்டு வார்த்தை பேசுறது அங்க வழக்கமாம். அதை அந்தக் காலேஜு அக்கா சொல்ல மறந்துட்டாக! அப்பாவை யாரும் பழக்கலயே!

அப்பா வேட்டிய இறக்கி விட்டுக்கிட்டு உள்ள வந்து, சேர் நுனியில உக்காந்தாரு.

"உங்க பொண்ணு எப்படிப் படிப்பாங்கய்யா?"

"ஏதோ படிக்கும் சார்."

எனக்கு உசிரே போச்சு.

"வீட்ல எப்படி?"

"என்னத்தச் சொல்ல. கோவக்காரி."

"ஹாஸ்டல்ல இருந்துக்குவாங்களா?"

"சந்தேகந்தான் மேடம்."

"ரொம்பக் கஷ்டமான படிப்பு. தாக்குப்பிடிப்பாங்களா?"

"பார்ப்போம் சார்."

காய் விலை பேசுற அதே முகம், அதே இழுவை. மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டாக. ஒருத்தரு குனிஞ்சு என்னமோ எழுதினாரு. சரி, நீங்க போகலாம்னு அனுப்பிட்டாக.

வெளிய வந்ததும் பிடிச்சேன் பாருங்க. "ஏப்பா, உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"நான் என்ன தப்பாச் சொன்னேன் ஆத்தா? கண்ணு பட்டுறக் கூடாதுல்ல?"

"அவங்க கண்ணு வைக்க வரலப்பா, சீட்டுக் குடுக்க வந்திருக்காங்க! இது என்ன பேரமா? நீ இல்லைங்கிறதும், வியாபாரி இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதும்? இவங்களுக்கு நம்ம ஊரு பேச்சுத் தெரியுமா? பெத்த அப்பனே ஆகாதுன்னு சொல்லிட்டான்னு எழுதிக்கிட்டாங்க. போச்சு. எல்லாம் போச்சு." அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. அந்த வராண்டாவுல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க.

அப்பா முகம் செத்துப்போச்சு. அப்பத்தான் அவருக்கு உறைச்சுச்சு. துண்டைத் தோள்ல இருந்து எடுத்தாரு, மறுபடி போட்டாரு. திரும்பி விறுவிறுன்னு நடந்தாரு. அந்த ரூம்பு வாசல்ல நின்ன ஆளு, "ஐயா, உள்ள போகக் கூடாது"ன்னு கைய நீட்டினாரு. கையத் தள்ளி விட்டுட்டு உள்ள போயிட்டாரு.

நான் பின்னாடியே ஓடினேன். கதவு பாதி சாத்தியிருந்துச்சு. எங்க அப்பாவுக்கு மெதுவாப் பேசத் தெரியாது. இந்தச் சரிவுல நின்னு அந்தச் சரிவுக்குக் கூப்பிட்டே பழகின தொண்டை.

"மன்னிச்சுக்கிறணும் சார். நான் சொன்னது அம்புட்டும் பொய்யி."

நான் கதவோரமா ஒட்டி நின்னுக்கிட்டேன்.

"எங்க ஊர்ல காய் நல்லா இருந்தாலும் நல்லா இல்லைன்னுதான் சொல்லுவோம். பழகிப்போன வாய். அதே வாயில எம் பிள்ளையையும் சொல்லிப்புட்டேன். நெசத்தச் சொல்லுறேன், எழுதிக்கங்க. எம் மக மாதிரி பிள்ளை எங்க பக்கத்துல கிடையாது. அது படிக்கிற படிப்பைப் பார்த்து நான் வெளிய போய் நின்னு அழுதிருக்கேன். கோவம் வரும், வந்தா நியாயத்துக்குத்தான் வரும். இப்பக்கூட என்னையத் திட்டுச்சு, அது நியாயந்தான். ஹாஸ்டல்ல அது இருந்துக்கிரும் மேடம். அது இல்லாம வீட்ல நாங்க எப்படி இருக்கப் போறோம்னுதான் தெரியல."

அந்த மேடம் கேட்டாக, குரல்ல சிரிப்பு இருந்துச்சு: "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேய்யா?"

"பிள்ளை பக்கத்துல உக்காந்திருந்துச்சே மேடம். அது முன்னாடி எப்படிச் சொல்ல? எனக்குக் கூச்சமா இருக்காதா?" அதோட, "நான் இப்படிச் சொன்னேன்னு அதுகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க"ன்னாரு.

நான் திரும்பி ஓடி வந்து பெஞ்சுல உக்காந்து, முகத்தத் தொடைச்சுக்கிட்டு வேற பக்கம் பார்த்தேன். அப்பா வந்தாரு. "எங்கப்பா போன?"ன்னு கேட்டேன். "சும்மா, பாத்ரூம் எங்கன்னு கேக்கப் போனேன். வா, வெரசா கிளம்பு, பஸ்சு போயிரும்"னாரு.

சீட்டுக் கிடைச்சுச்சு. நானும் படிச்சு முடிச்சு, அதே மலையிலதான் வைத்தியம் பார்க்குறேன். அந்தக் கதவுக்கு வெளிய நான் நின்னது அப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கப் போறாரு, தெரிஞ்சுக்கட்டும். ஒரு வார்த்தை விடாமக் கேட்டேம்ப்பா.