விறாந்தையில் நின்றவர்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். உடுப்பிட்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை, எந்தப் பயத்துக்கும் ஒரு குளிசை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். நீங்கள் நம்பத்தான் வேண்டும் என்றில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு மறதி நோய். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. சோறு ஊட்டிவிட்டால், "நீங்கள் நல்லாயிருக்கோணும் பிள்ளை" என்று யாரோ அயலவளுக்குச் சொல்வதுபோலச் சொல்வார். கடந்த மாரியில் சலம் போகும் வழியில் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வாட்டில் சேர்த்தோம். புது இடம், புது முகங்கள், அம்மா இன்னும் குழம்பிப்போனார். கையில் ஏற்றியிருந்த சேலைனைப் பிடுங்குவார், கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார், அதனால் நான் பக்கத்தை விட்டு அசையவில்லை. அந்தக் கட்டிலில் முன்பு இருந்தவர் நாங்கள் வந்த அன்று காலைதான் இறந்தார் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். ஆஸ்பத்திரி என்றால் அதெல்லாம் நடப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. பார்க்க வந்த சனமெல்லாம் போய்க்கொண்டிருந்த நேரம், ஐம்பது வயதிருக்கும் ஒரு மனிதர் நனைந்தபடி வந்தார். சாவகச்சேரிப் பக்கமாம். இந்தக் கட்டிலில் இறந்தது அவருடைய தாய், விட்டுப்போன சுடுதண்ணிப் போத்தலை எடுக்க வந்தாராம். நான் குனிந்து கட்டிலுக்குக் கீழிருந்து அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், அம்மா தானாகவே எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

"தும்பி, கம்பி கிழிச்ச கால் ஆறிட்டுதோ?"

தம்பி என்றுதான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்த மனிதரின் முகம் வெளிறிப்போய்விட்டது.

"தும்பி எண்டு என்ரை அம்மா மட்டும்தான் கூப்பிடுறவ," என்றார் என்னிடம். "கால் காயத்தையும் அவவுக்கு மட்டும்தான் காட்டினனான்." காற்சட்டையைக் கொஞ்சம் உயர்த்தினார். கணுக்காலுக்கு மேலே துணிக்கட்டு.

எனக்குக் குரல்தான் பிடிபடவில்லை. அம்மாவுக்குப் பல் இல்லை, பேச்சு குழைந்துதான் வரும். இந்தக் குரல் குழையவே இல்லை.

"தங்கச்சி, ஒருக்கா கையைப் பிடிக்கட்டோ?" என்று கேட்டார். நான் விலகி இடம் விட்டேன். அவர் நிலத்தில் முழங்காலூன்றி, "ஓம் அம்மா, ஆறிட்டுது" என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் அழுதார். அம்மா அவர் தலையைத் தடவினார். என்னை மறந்துபோன கை அது, நம்புங்கள், பயத்துக்கு நடுவிலும் எனக்கு நெஞ்சு எரிந்தது.

"இனிப் போ, பஸ்ஸை விட்டிடுவாய்," என்றது அந்தக் குரல்.

அவர் போனார். போத்தலை எடுக்க மறந்தே போனார். அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நானும் வெளிக்கிடப்போறன் பிள்ளை. உங்கடை அம்மா கனநேரமா விறாந்தையிலை நிக்கிறா. உள்ளுக்கு வர இடமில்லாமல் நிக்கிறா, பாவம்."

தாதி மிஸ்ஸியைக் கூப்பிடலாமென்று பார்த்தால் வாட்டின் அந்தத் தொங்கலில் யாருக்கோ மருந்து கட்டிக்கொண்டிருந்தார். நானே வாட்டுக்கு வெளியே விறாந்தைக்குப் போனேன். ஒருவருமில்லை, மழைச் சாரல் மட்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? படித்த மனுஷி, அந்த வெறும் விறாந்தையைப் பார்த்து, "அம்மா, உள்ளுக்கு வாங்கோ" என்றேன்.

"வசந்தி," என்று பின்னால் கட்டிலிலிருந்து கேட்டது. குழைந்த குரல். என் அம்மாவின் குரல்.

ஓடிப்போனேன். அம்மா என் முகத்தையே பார்த்தார்.

"எவ்வளவு நேரமா நிண்டனான், ஏன் பிள்ளை கூப்பிடேல்லை?"

கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் தெரிந்தது, அம்மாவின் தலைமயிர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கட்டிலுக்கு மேலே ஜன்னல் இல்லை. தலையணை காய்ந்து கிடந்தது. என் துவாயால்தான் துவட்டினேன்.

டொக்டரிடம் சொன்னேன். காய்ச்சல் ஏறும்போது இப்படிக் குழம்புவதும் இறங்கும்போது தெளிவதும் வழக்கம் என்றார். பேச்சு மாறியதற்கு அது சரி. நனைந்த தலையைப் பற்றி நான் அவரிடம் வாய் திறக்கவில்லை.

இப்போது அம்மா வீட்டில்தான். சில நாளில் என்னைத் தெரிகிறது, பல நாளில், "நீங்கள் ஆர்?" என்று கேட்கிறார். கேட்டால் நான் போய்த் தெருப் படலையைத் திறந்து, "வாங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு வருவேன். சிரிக்காதீர்கள், அதன் பிறகு இரண்டொரு தரம் வசந்தி என்று கூப்பிட்டிருக்கிறார்.

போன கிழமையும் அப்படித்தான் திறந்துவிட்டு வந்து கட்டிலடியில் நின்றேன். அம்மா முகம் முழுக்கச் சிரிப்போடு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நீட்டி, குழையாத குரலில், நான் இதுவரை கேள்விப்பட்டிராத ஒரு பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.